சந்திரபாபு எங்கே மறைத்தார்?

மார்ச் 8 வந்தால் போதும். மகளிர் தின வாழ்த்துகளுக்கு நடுவே ஒரு பதிவு தவறாமல் வந்து நிற்கும். கறுப்பு வெள்ளைப் படம், கீழே ஊரைச் சிரிக்க வைத்தவன் உள்ளுக்குள் அழுத கதை. நகைச்சுவை நடிகர் ஜே.பி. சந்திரபாபு 1974இல் அந்தத் தேதியில்தான் இறந்தார். வயது 46. நானும் இரண்டு வருடம் அந்தப் படத்தைப் பகிர்ந்தவன்தான். இப்போது பார்த்தால் எரிச்சல் வருகிறது.

எரிச்சல் அந்த 'உள்ளுக்குள்' என்ற வார்த்தை மேல். மனுஷன் எங்கே மறைத்தார்?

தூத்துக்குடியில் பிறந்தவர். அப்பா சுதந்திரப் போராட்டக்காரர். அதனால் குடும்பம் இலங்கைக்குப் போக வேண்டி வந்தது, பையன் கொழும்பில் படித்தான். பிறகு சென்னை, திருவல்லிக்கேணி, சினிமா வாய்ப்புக்கு அலைச்சல். 1947இல் 'தன அமராவதி'யில் தலை காட்டியும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1952இல் ஜெமினி ஸ்டுடியோவுக்குள்ளேயே உயிரை விடத் துணிந்தார். காப்பாற்றிவிட்டார்கள், உடனே வழக்கும் போட்டுவிட்டார்கள். தற்கொலைக்கு முயல்வதே அப்போது குற்றம், இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு. செத்தால் ஒன்றுமில்லை, பிழைத்தால் கோர்ட்டு.

அங்கே நடந்ததாகச் சொல்லப்படுவதுதான் எனக்கு முக்கியம். நீதிபதி முன்னால் தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையிலேயே சுட்டுக்கொண்டாராம். நான் சுட்டுக்கொண்டது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, அந்த வலி எனக்கு மட்டும்தான் தெரியும் என்றாராம். வலியை இதைவிட வெளிப்படையாக ஒருவர் எப்படிக் காட்ட முடியும்? ஆனால் இதைக்கூட நாம் 'செம சீன்' என்று கைதட்டித்தான் பகிர்கிறோம். (309இன் பிடி தளர 2017இல் மனநலச் சட்டம் வர வேண்டியிருந்தது. 65 வருடம்!)

பாடல்களிலும் மறைக்கவில்லை. 'ஒண்ணுமே புரியலே உலகத்திலே' என்று வாய்விட்டுத்தான் பாடினார். 'கவலை இல்லாத மனிதன்' என்று பெயர் வைத்த படத்தில், பிறக்கும்போதும் இறக்கும்போதும் அழும் மனிதனைப் பற்றிய பாட்டு அவர் குரலில். நாம் தாளம் போட்டோம்.

கல்யாணக் கதையையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பின்னூட்டங்களில் வழக்கமாக அங்கேதான் நாறும். மணமான கொஞ்ச நாளில், தான் வேறொருவரை விரும்புவதாக மனைவி சொல்ல, அவர் விருப்பப்படியே போக விட்டார் என்பார்கள். உடனே நம் ஆட்கள் அந்தப் பெண்ணைத் திட்டக் கிளம்பிவிடுவார்கள். ஐயா, அவரே திட்டவில்லையே, உங்களுக்கு என்ன?

அதற்காக அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். வாயும் திமிரும் அதிகம். கண்ணதாசனே அந்தக் 'கவலை இல்லாத மனிதன்' படத்தை எடுத்து, இவருக்காக இவர் வீட்டில் காத்துக் கிடக்க, இவர் பின்வாசல் வழியாக நழுவிய கதை ஊருக்கே தெரியும். எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது. காசு போனது, குடி கூடியது. யார்மேல் எவ்வளவு தப்பு என்று பஞ்சாயத்து பண்ண நான் வரவில்லை. கூட வேலை செய்தவர்களுக்கு அவர் பெரிய தலைவலியாகவும் இருந்திருப்பார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் பெரிய மனத்தாங்கல் வேறு. சோகத்தைப் பேசிப் பேசியே அவருடைய வித்தையை விட்டுவிட்டோம். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் படித்தவர் மெட்ராஸ் பாஷையை அந்த ஊர்க்காரனே அசரும்படி பேசினார். சும்மா வருமா அது? டீக்கடை வாசலிலும் ரிக்‌ஷா ஸ்டாண்டிலும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டும். யோடலிங் என்று குரலை மேலே எறிந்து பிடிக்கும் அந்த வித்தையை எடுத்துக்கொள்ளுங்கள். என் பெரியப்பா சவரம் செய்யும்போது அதை முயற்சி பண்ணுவார். ஏறும் இடம் வரைக்கும் நன்றாகவே போகும். இறங்கும்போது குரல் உடைந்து, கூடவே பிளேடும் ஒரு கோடு போட்டுவிடும். முகத்தில் படிகாரத்தைத் தேய்த்துக்கொண்டே, "பாபு பாபுதான்டா" என்பார். ஆயுசு முழுக்க அந்த இறக்கம் அவருக்குப் பிடிபடவே இல்லை.

சோகம்தான் கலையைக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் பெரியப்பாவைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவருக்கும் சோகத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

இந்த வருடம் அந்தப் படத்தைப் பகிரவில்லை. ராத்திரி 'சபாஷ் மீனா' போட்டேன். 1958 படம், அவருக்கு அதில் இரட்டை வேடம். ரிக்‌ஷாக்காரராக வந்து வாயைத் திறந்ததும் ஆரம்பித்த சிரிப்பு, இருமலில் போய் நின்றது. உள்ளே இருந்து மனைவி, "மணி பன்னெண்டு ஆவுது, யாரோட பேசிட்டிருக்கீங்க?" என்றாள். சத்தத்தைக் குறைத்துவிட்டு அந்தக் காட்சியை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன்.