கொலையா, காலராவா? பாதி நாவல்ல நிக்கிறேன்

பாதி தாண்டிட்டேன், இன்னும் முடிக்கல. முடிக்கறதுக்குள்ள எழுதிடணும்னு தோணுது, ஏன்னா கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் அதப் பத்தி மட்டும்தான் பேசுவோம். புக் பேர சொல்ல மாட்டேன், எவனாவது முடிவ போட்டு உடைச்சிடுவான்.

கதை 1849 லண்டன்ல. ஊரே காலராவுல செத்துட்டு இருக்கு. அந்த நேரம் பாத்து வசதியான ஒரு வீட்டுப் பெரியவர் வாந்தி பேதின்னு படுத்து போய்ச் சேர்றாரு, டாக்டரும் காலரான்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குக் கெளம்பிடறாரு. யாருக்கு சந்தேகம் வரும்? ஆர்சனிக் விஷம் குடுத்தாலும் அதே வாந்தி, அதே பேதிதான். இந்த வருஷத்த சும்மா எடுக்கல எழுத்தாளர். ஆர்சனிக் விக்கறதுக்கு இங்கிலாந்துல சட்டம் வந்ததே 1851லதான். வாங்கறவன் பேரு, விலாசம், எதுக்கு வாங்கறான்னு கடைக்காரன் நோட்டுல எழுதி வெக்கணும், பாக்க மாவு மாதிரி இருக்குற வெள்ளப் பொடிங்கறதால சில்லறையா விக்கும்போது கரியோ நீலமோ கலந்துதான் குடுக்கணும்னெல்லாம் அதுல இருக்கு. கதைய அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி வெச்சுட்டதால எலிக்குன்னு கேட்டா போதும், பொட்டலம் கட்டிக் குடுத்துடுவான்.

கைரேகையும் கெடையாது, லண்டன் போலீஸ் தலைமையான ஸ்காட்லாந்து யார்டுல அதுக்குன்னு பிரிவு வந்ததே 1901ல. துப்பறியும் பிரிவே 1842ல வெறும் எட்டு பேர வெச்சு ஆரம்பிச்சதுதான். அதனால துப்பறியற நம்ம போலீஸ் ஹீரோவுக்கு கண்ணும் காதும் மட்டும்தான், அதுதான் எனக்கு செம திரில்லா இருக்கு.

மரண விசாரணை ஒரு பப் மாடியில நடக்குது. அப்ப அப்படித்தான், பெரிய ரூம் வேற எங்க கெடைக்கும்? ஜூரி ஆளுங்க வரிசையா போய் பொணத்த நேர்ல பாத்தே ஆகணும், ஒருத்தன் மூக்கப் பொத்திக்கிட்டு பாத்துட்டு வந்து கீழ பீர் சொல்றான். நாலே வரி, ஆனா அந்த இடத்த நான் திரும்பத் திரும்ப படிச்சேன்.

மாட்டினது யாரு? வேலைக்காரப் பொண்ணு, வேற யாரு. வயித்தெரிச்சல் என்னன்னா, தன் கேஸ்ல அவளே சத்தியம் பண்ணி சாட்சி சொல்ல முடியாது, இங்கிலாந்துல எல்லா கேஸுக்கும் அந்த உரிமை வந்தது 1898ல. ஊரே அவளப் பத்தி பேசும், அவ மட்டும் நின்னு கேக்கணும்.

கடுப்பானது ஒரே இடம். துப்பறியறவரு தண்ணிலதான் காலரா வருதுன்னு ஏதோ நேத்து கூகுள் பண்ணின மாதிரி அடிச்சு சொல்றாரு. ஜான் ஸ்னோங்கற லண்டன் டாக்டர் தண்ணி மேல சந்தேகப்பட்டு சின்ன புத்தகம் போட்டதே அதே 1849லதான், அதையும் பெருசா யாரும் கண்டுக்கல, கெட்ட காத்துதான் காரணம்னு டாக்டருங்களே நம்பிட்டு இருந்தாங்க. ஒரு போலீஸ்காரருக்கு எப்படிங்க தெரியும்? ஹீரோ புத்திசாலின்னு காட்டறதுக்கு பல வருஷம் கழிச்சு வர்ற அறிவ அவர் தலையில திணிக்கறது இந்த மாதிரி நாவல்ல எனக்குப் புடிக்காத வியாதி. தெரியாம தடுமாறினாத்தான அந்தக் காலத்து மனுஷன்.

இப்ப பொணத்த தோண்டியெடுத்து மார்ஷ் டெஸ்ட்ல வந்து நிக்குது கதை. ஆர்சனிக் இருக்கான்னு கண்டுபிடிக்க 1836லயே வந்த டெஸ்ட் அது. வயித்துல இருந்து எடுத்தத துத்தநாகம், ஆசிட்டோட சேர்த்து, வர்ற வாயுவ கொளுத்தி, தீயில பீங்கானக் காட்டினா கண்ணாடி மாதிரி பளபளன்னு கறுப்பா படியும். படிஞ்சிடுச்சு, கோர்ட்டே அசந்து போச்சு, அந்தப் பொண்ணு கதை முடிஞ்சுதுன்னு நெனைக்கறோம். ஆனா துத்தநாகத்துலயே ஆர்சனிக் கலந்திருக்க வாய்ப்பு உண்டு, மொதல்ல அத மட்டும் தனியா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும். அந்த சீன்ல கெமிஸ்ட் துத்தநாகத்த தன் சொந்தப் பையில இருந்து எடுக்கறாரு, தனியா டெஸ்ட் பண்ணின மாதிரி ஒரு வரி கூட இல்ல. எழுத்தாளர் மறந்துட்டாரான்னு பின்னாடி போயி தேடினேன், பாத்தா இந்த கெமிஸ்ட் மொத அத்தியாயத்துலயே அந்த வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து சாப்ட்டுட்டு இருக்காரு. என் சந்தேகம் இப்ப முழுசா அவர் மேலதான்.