பழைய சிஎஸ்எஸ் முன்னொட்டுகளை எடுத்துவிடுங்கள்

வேலூரில் லாட்ஜ், ஸ்கேன் சென்டர், ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி என்று வெப்சைட் செய்துகொடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஃபைலில் இன்னும் கிடக்கும் மோஸ் (ஃபயர்பாக்ஸ்), எம்எஸ் (இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்), ஓ (ஓபரா), வெப்கிட் (குரோம், சஃபாரி) முன்னொட்டுகளைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். புது வசதி சோதனையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு பிரவுசரும் அதன் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட அடையாளங்கள் இவை.

“பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு உதவுமே, இருந்துவிட்டுப் போகட்டும்” என்பார்கள். அக்கறை நல்லதுதான், கணக்குதான் உதைக்கிறது. ஆண்ட்ராய்டு 5 போனுக்கே குரோம் 95 வரை அப்டேட் வந்தது. மூலையை வளைக்கும் பார்டர் ரேடியஸ், மாற்றத்தை மெதுவாகக் காட்டும் டிரான்சிஷன், பெட்டிகளை அடுக்கும் ஃபிளெக்ஸ் எதற்கும் அதில் முன்னொட்டு வேண்டாம். ஓபரா 2013-லேயே குரோமின் அடித்தளமான குரோமியம் பக்கம் போய்விட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-ஐ மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் கைவிட்டது. அப்புறம் யாருக்காக இந்த வரிகள்?

சும்மா கிடந்தாலும் நஷ்டம் உண்டு. ஒரு பட்டனுக்கு பார்டர் ரேடியஸ் 8 பிக்சல், அதற்குக் கீழே வெப்கிட் முன்னொட்டு போட்ட அதே வரியிலும் 8. பிறகு வேலைக்கு வந்த பையன் மேல் வரியை மட்டும் 4 ஆக்குகிறான். மூலை அசையவே அசையாது. குரோமுக்கு இரண்டும் ஒன்றுதான், கீழே இருப்பதுதான் செல்லும். ஃபயர்பாக்ஸும் 2016 முதல் அப்படியே. பிரவுசர் சேமித்துவைத்த பழைய நகலால் வரும் கேஷ் பிரச்சினை என்று நினைத்து அவனுடைய மத்தியானம் வீணாகிவிடும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்கவும் கூடாது. நீண்ட எழுத்தைச் சில வரிகளோடு நிறுத்தும் லைன் கிளாம்ப் இன்னும் வெப்கிட் பெயரில்தான் ஓடுகிறது, அதைத் தொடாதீர்கள். எழுத்தைத் தேர்ந்தெடுக்க விடலாமா என்று சொல்லும் யூசர் செலக்ட்டுக்கு சஃபாரி முன்னொட்டு கேட்கும். பின்னால் தெரிவதை மங்கலாக்கும் பேக்டிராப் ஃபில்டருக்கு சஃபாரி 18-இல்தான் தேவை தீர்ந்தது, பழைய ஐபோனுக்கு இன்னும் வேண்டும். இதையெல்லாம் யார் நினைவில் வைத்திருப்பது? பிரவுசர்ஸ்லிஸ்ட் என்ற அமைப்புப் பட்டியலில் எந்தெந்த பிரவுசர் என்று எழுதி ஆட்டோபிரிஃபிக்சர் என்ற கருவியிடம் விட்டால், வேண்டியதைச் சேர்க்கும், காலாவதியானதை எடுத்தும்விடும்.

சரி, பழைய போன்காரர்கள்? சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்து வரும் குடும்பம் காட்பாடியில் இறங்கி, கீறல் விழுந்த போனில் லாட்ஜ் தேடுகிறது. அவர்களை வதைப்பது முகப்பில் ஓடும் கனத்த ஸ்லைடர் படங்களும், ஒரு மெனுவுக்காக ஏற்றிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் மூட்டையும்தான். தெரியாத சிஎஸ்எஸ் வரியை பிரவுசர் தாண்டிப் போய்விடும். தெரியாத ஜாவாஸ்கிரிப்ட் இலக்கணம் ஒரே ஒரு இடத்தில் வந்தாலும் அந்த ஸ்கிரிப்ட் முழுக்க ஓடாது. முன்னொட்டு எழுதும் நேரத்தில் படங்களைச் சுருக்குங்கள். வாடகையையும் போன் நம்பரையும் ஸ்கிரிப்டை நம்பாமல் பக்கத்தின் அடிப்படையான ஹெச்டிஎம்எல்லிலேயே எழுதுங்கள்.