நாமக்கல் கணக்கைப் பாருங்கள்

கால்நடை மருத்துவக் கல்லூரியால் சுற்றுவட்டாரத்துக்கு என்ன வருமானம் என்று உங்கள் கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் நாமக்கல்லுக்கு 1985-லேயே கல்லூரி வந்துவிட்டது. மாணவர்கள் தரும் அறை வாடகை, டீக்கடை வியாபாரம் எல்லாம் சின்னக் கணக்கு. பெரிய கணக்கு கோழிப்பண்ணைக்குள் இருக்கிறது. விடிகாலையில் நாலு கோழி செத்துக் கிடந்தால் அப்பா அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குத்தான் ஓடுவார். அறுத்துப் பார்த்து வெள்ளைக்கழிச்சலா, வேறு நோயா என்று சொல்வார்கள். மீதிக் கோழிகளைக் காப்பாற்ற அந்த ஒரு வார்த்தை போதும். தீவனமும் அப்படித்தான். மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருப்பது தெரியாமல் போட்டால் முட்டை குறையும், கடன் ஏறும். அதனால் லாரியிலிருந்து மூட்டை இறக்கும் முன்பே கைப்பிடி சோளத்தை எடுத்துக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுவோம். இப்படித் தப்பித்த நஷ்டத்தையும் வருமானமாக எழுதுங்கள் ஐயா.