எதற்கு விலையாக இந்த மன்னிப்பு?

இலங்கைப் போர் பற்றிப் பேச்சு வந்தால் கூட்டத்தில் ஒருத்தராவது இப்படிச் சொல்வார்: "நடந்தது நடந்துபோச்சு. இன்னும் விசாரணை, கோர்ட்டுன்னு கிளறிக்கிட்டே இருந்தா அங்க இருக்கிற ஜனம் எப்பத்தான் நிம்மதியா இருக்கும்? சமாதானம் முக்கியமா, நாலு பேரை ஜெயில்ல போடுறது முக்கியமா?" சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனுஷர்தான். அதனால் கேள்வியை ஒதுக்காமல் பதில் சொல்லிப் பார்க்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே கேள்வியை உகாண்டாவில் கேட்டிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஜோசப் கோனியின் படை அந்நாட்டின் வடக்கே குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சிப்பாய்களாக்கியது. 2005இல் ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கோனிக்கும் அவருடைய தளபதிகள் சிலருக்கும் பிடிவாரண்ட் போட்டது. அடுத்த ஆண்டே ஜூபாவில் சமாதானப் பேச்சு தொடங்கியது. வாரண்டைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், முதலில் பிள்ளைகள் காட்டைவிட்டு வரட்டும் என்று அந்த வடக்குப் பகுதியில் வாழும் அச்சோலி இன மக்களின் பெரியவர்களும் மதத் தலைவர்களும் மன்றாடினார்கள். பறிகொடுத்தவர்களே கேட்கும்போது வெளியில் இருந்து யார் மறுப்பது? கடைசியில் 2008இல் கையெழுத்துப் போட கோனி வரவே இல்லை. வாரண்டுக்குப் பயந்து வரவில்லையா, வாரண்டுக்குப் பயந்துதான் பேச்சுக்கே வந்தாரா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. (அவருடைய தளபதிகளில் ஒருவரான டொமினிக் ஒங்வென், சிறுவனாக இருந்தபோது பள்ளிக்கூடம் போகும் வழியில் அதே படையால் கடத்தப்பட்டவர். 2021இல் அவருக்கு 25 ஆண்டுச் சிறை. இந்த வழக்கை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஒரு பக்கமாக நிற்பதில்லை.)

கேட்டதையெல்லாம் கொடுத்துப் பார்த்த நாடும் உண்டு. சியரா லியோனில் ஊர் ஊராகப் புகுந்து கையை வெட்டிய படைக்கு 1999 ஜூலையில் லோமே ஒப்பந்தம் முழு மன்னிப்பு கொடுத்தது. அதன் தலைவர் ஃபோடே சங்கோவுக்குத் துணை ஜனாதிபதிக்குச் சமமான அந்தஸ்து, கூடவே வைரம் உள்ளிட்ட கனிமங்களைக் கவனிக்கும் ஆணையத்தின் தலைமைப் பதவி. கையெழுத்துப் போடும்போது ஐ.நா. பிரதிநிதி, போர்க்குற்றங்களுக்கு இந்த மன்னிப்பு செல்லாது என்று தன் கைப்பட ஒரு குறிப்பு எழுதிவைத்தார். பத்தே மாதம். 2000 மே மாதம் அதே படை ஐ.நா. அமைதிப்படையினரை நூற்றுக்கணக்கில் பிடித்துவைத்துக்கொண்டது. கைலாஹூனில் சுற்றிவளைக்கப்பட்டவர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களை மீட்க நடந்ததுதான் ஆபரேஷன் குக்ரி. அதற்கு அப்புறம்தான் தனி நீதிமன்றம் வந்தது. அந்தப் போருக்குத் துணைநின்ற பக்கத்து நாடான லைபீரியாவின் முன்னாள் ஜனாதிபதி சார்லஸ் டெய்லருக்கு 2012இல் 50 ஆண்டு தண்டனை கிடைத்தது.

கொலம்பியாவில் கொஞ்சம் கவனமாகப் பேரம் பேசினார்கள். 2016 ஒப்பந்தப்படி சாதாரணப் போராளிக்குப் பொதுமன்னிப்பு. பெரிய குற்றங்களுக்குத் தனி நீதிமன்றம். நடந்ததை முழுசாக ஒத்துக்கொண்டால் சிறைக்குப் பதில் ஐந்து முதல் எட்டு ஆண்டு வரை நடமாட்டக் கட்டுப்பாடும் பாதிக்கப்பட்ட மக்களுக்கான வேலையும்; மழுப்பினால் இருபது ஆண்டு வரை சிறை. வாக்கெடுப்பில் ஜனங்கள் மயிரிழையில் அதைத் தோற்கடித்தார்கள்; திருத்தி நாடாளுமன்றம் வழியாக நிறைவேற்றினார்கள். 2017 ஜூனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்கள் ஐ.நா. கைக்கு வந்து சேர்ந்தன. ராணுவமும் தப்பவில்லை. அப்பாவிகளைக் கொன்று கெரில்லா என்று கணக்குக் காட்டிய விவகாரத்தில் 6,402 பேர் செத்தார்கள் என்று அந்த நீதிமன்றமே எண்ணிச் சொன்னது. 2025 செப்டம்பரில் முதல் தீர்ப்புகள் வந்தன: ஆள்கடத்தலுக்காக ஃபார்க் என்ற கெரில்லா இயக்கத்தின் தலைமையில் இருந்த ஏழு பேருக்கு ஆளுக்கு எட்டு ஆண்டு, சிறை இல்லாமல். கடத்தப்பட்டுக் காட்டில் கிடந்தவர்கள் இவ்வளவுதானா என்று கொதித்தார்கள். எனக்கும் குறைச்சலாகத்தான் தெரிகிறது. ஆனால் விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக அங்கே ஆயுதம் வந்தது, உண்மை வந்தது.

இப்போது இலங்கைக்கு வாருங்கள்.

2009 மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் யார் கையில் இருந்த துப்பாக்கியைக் கீழே வைக்கச் சொல்ல, யாருக்கு மன்னிப்பு தேவைப்பட்டது? புலிகளின் தலைமையே அழிந்துபோயிருந்தது. பிடிபட்ட, சரணடைந்த போராளிகள் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வழக்கும் இல்லாமல் வக்கீலும் இல்லாமல் 'புனர்வாழ்வு' முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். எதிரில் பேரம் பேச ஆளே இல்லை. சமாதானத்துக்காக நீதியை விட்டுக்கொடு என்றால், விட்டுக்கொடுத்த பிறகு நிற்கப்போகும் சண்டை ஒன்று இருக்க வேண்டுமே! அங்கே சண்டை முடிந்த பிறகுதான் இந்த வசனமே ஆரம்பித்தது. அடித்தவனே நாட்டாமை நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டு "சரி சரி, ராஜியாப் போங்க" என்று சொம்பை நீட்டுகிற பஞ்சாயத்து இது. கடைசி மாதங்களில் மட்டும் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் சொன்னது. அத்தனை உயிருக்கும் விசாரணை இல்லாமல் விட்டதால் என்ன கிடைத்தது என்று யாராவது எனக்குக் கணக்குக் காட்டட்டும்.

விசாரித்தால் படை கொதிக்கும், பெரும்பான்மை மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று சொல்வார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அர்ஜென்டினாவிலும் இதே பயம்தான். 1986, 1987 ஆண்டுகளில் ராணுவத்தை விசாரிக்காமல் விட இரண்டு சட்டங்கள் கொண்டுவந்தார்கள். 2005இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டும் செல்லாது என்றது. வழக்குகள் மறுபடி நடந்தன, கிழட்டு ஜெனரல்கள் உள்ளே போனார்கள், ஆட்சி ஒன்றும் கவிழவில்லை. இன்றைக்கு முடியாது, கொஞ்சம் பொறு என்றால் புரிந்துகொள்ளலாம். என்றைக்கும் வேண்டாம் என்பதை எப்படி ஏற்பது? இத்தனைக்கும் வெளிநாட்டு நீதிபதிகளும் இடம்பெறும் விசாரணை முறைக்கு 2015இல் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், மற்ற நாடுகளோடு சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்ததே இலங்கை அரசுதான். 2019 கடைசியில் ஆட்சி மாறியதும், 2020இல் அதிலிருந்து விலகிக்கொண்டது.

ஒரே ஒரு வழக்கைப் பாருங்கள். 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள், அதில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. பதினைந்து வருஷம் இழுத்து 2015இல் சுனில் ரத்நாயக்க என்ற ராணுவ சார்ஜெண்டுக்கு மரண தண்டனை வந்தது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்தது. அத்தி பூத்தாற்போல் ஒரு தீர்ப்பு. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கில் ஊரே முடங்கிக் கிடந்தபோது, ஜனாதிபதி கோத்தபய அவருக்கு மன்னிப்பு கொடுத்து வெளியே விட்டார்.

"அப்போ நீங்க மட்டும் ராஜீவ் கொலை வழக்குல ஏழு பேரை விடச் சொல்லலையா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் விடச் சொன்னவன்தான். ஆனால் அவர்கள் விசாரிக்கப்பட்டார்கள், தண்டிக்கப்பட்டார்கள், முப்பது வருஷத்துக்கு மேல் சிறையில் கழித்தார்கள். 2022இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தபோது நடந்தது என்ன, யார் செய்தது என்பதெல்லாம் தீர்ப்பாக எழுதப்பட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கணக்கைத் தீர்த்த பிறகு காட்டும் கருணை வேறு; கணக்கு நோட்டையே கிழித்துப்போடுவது வேறு.

சரி, நம் பக்கக் கணக்கு? ஈழம் என்றால் தொண்டை கிழியப் பேசும் நம் ஆட்கள் பலர் இந்த இடத்தில் நழுவிவிடுகிறார்கள். 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேரைப் புலிகள் வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம்தான். பிள்ளைகளைப் படைக்குப் பிடித்தது, தப்பி ஓடிய சொந்த ஜனத்தைச் சுட்டது எல்லாம் மேலே சொன்ன அதே நிபுணர் குழு அறிக்கையில் இருக்கிறது. 40,000 என்ற பக்கத்தை மட்டும் மேடையில் வாசித்துவிட்டு மற்ற பக்கங்களை ஒட்டிவைத்தால், எதிரணி செய்வதைத்தான் நாமும் செய்கிறோம். அப்புறம், 1987 தீபாவளி அன்று யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்தது இந்திய அமைதிப்படை. நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸுகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு டெல்லியில் யார் பதில் சொன்னார்கள்?

காலம் ஆற்றிவிடும் என்பவர்களுக்கு நம் புதுச்சேரியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் மெடல் குத்திக்கொண்டு வரும் சொல்தாக்களைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போனவர்கள் நம் ஊரில் உண்டு. சட்டப்படி புதுச்சேரி இந்தியாவுக்குக் கைமாறிய அதே 1962இல்தான் எவியன் ஒப்பந்தத்தோடு அல்ஜீரியப் போர் முடிந்தது. இரண்டு பக்கமும் மன்னிப்பு. சண்டையை நிறுத்த அந்த மன்னிப்பு உதவியது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மன்னிப்போடு உண்மையையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள். மோரிஸ் ஓதன் என்ற கணித ஆசிரியரை 1957இல் அல்ஜியர்ஸில் பிரெஞ்சு ராணுவம் பிடித்துப்போனது. தப்பி ஓடிவிட்டார் என்று அவர் மனைவியிடம் சொன்னார்கள். அரசின் சித்திரவதை முறைதான் அவரைக் கொன்றது என்று ஜனாதிபதி மக்ரோன் அந்த அம்மாவின் வீட்டுக்கே போய் ஒத்துக்கொண்டது 2018இல். அறுபத்தொரு வருஷம்! யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது, மன்னிப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அடுத்த வருஷமே அந்த அம்மா இறந்துபோனார்.

காலாப்பட்டில் எனக்கு ஜெராக்ஸ், டைப்பிங் கடை. பக்கத்தில் கீழ்ப்புத்துப்பட்டு முகாம் விழுப்புரம் மாவட்டக் கணக்கில் வந்தாலும், அங்கிருப்பவர்கள் மனு எழுத, பிரிண்ட் எடுக்க என்று என் கடைக்கு வருவார்கள். 2006இல் படகேறி வந்த ஒரு அம்மா அவர்களில் ஒருவர். மூத்த மகன் அங்கேயே தங்கிவிட்டான். 2009 மே மாதத்துக்குப் பிறகு தகவலே இல்லை. முல்லைத்தீவில் இருக்கும் தங்கச்சி வாட்ஸப்பில் ஒரு படிவத்தை அனுப்பியிருந்தார். ஆள் காணவில்லை என்று இலங்கை அரசு எழுதித் தரும் சான்றிதழுக்கான படிவம் அது. அந்தச் சான்றிதழ் இருந்தால் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 2022இல் அந்நாட்டு அமைச்சரவை முடிவெடுத்திருந்தது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கி, மகன் பேர் எழுதவேண்டிய கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "இதை நிரப்பிக் குடுத்தா, தேடுறதை நிப்பாட்டிப் போடுவாங்களோ தம்பி?" எனக்குத் தெரியலைம்மா என்றேன். "எனக்கு ஆரையும் தூக்கில போட வேண்டாம். பிள்ளை எங்க எண்டு மட்டும் சொல்லச் சொல்லுங்கோ." படிவத்தை நிரப்பாமலே மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அந்த அம்மாவே தண்டனை வேண்டாம் என்கிறாரே, உண்மை மட்டும் போதாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு தென்னாப்பிரிக்கா அந்த வழியில் போய்ப் பார்த்தது. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன, 849 பேருக்குத்தான் கிடைத்தது. மீதிப் பேர் மேல் வழக்கு வரும் என்ற பயம்தான் பலரைப் பேச வைத்தது. பின்னாளில் வழக்குகள் அநேகமாகக் கிடப்பில் போயின. ஏன் போயின என்று விசாரிக்கவே 2025இல் ஒரு கமிஷன் போட வேண்டியதாயிற்று. இலங்கையிலேயே பாருங்கள். செம்மணியில் புதைகுழி இருக்கிறது என்று வெளியே தெரிந்தது எந்த உண்மை ஆணைக்குழுவாலும் இல்லை. மாணவி கிருஷாந்தி கொலை வழக்கில் 1998இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு படைவீரர், கூண்டில் நின்று தானாகச் சொன்னதால்தான். அடுத்த வருஷம் தோண்டியபோது 15 உடல்கள். அத்தோடு மூடிவிட்டார்கள். 2025இல் அதே செம்மணியில் தகன மேடை கட்டத் தோண்டிய இடத்தில் மறுபடி எலும்புகள் தட்டுப்பட்டு, 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். குழந்தைகளுடையதும் இருந்தன, நீல நிறத்தில் ஒரு புத்தகப்பையும் இருந்தது. தண்டனை விழுந்த ஒரு வாய்தான் திறந்தது. தண்டனையே கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்த அம்மா கேட்கும் பதிலை யார், எதற்காகச் சொல்லப்போகிறார்கள்?

ஜெனீவாவில் இந்தியா 2012, 2013இல் இலங்கை பற்றிய தீர்மானத்தை ஆதரித்து வாக்களித்தது. 2014, 2021, 2022இல் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்போம், எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் 2021 தீர்மானத்துக்குப் பிறகு ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. பார்த்தவர்கள், கேட்டவர்கள், பறிகொடுத்தவர்கள் நம் முகாம்களில் இருக்கிறார்கள், வயதாகிக்கொண்டிருக்கிறது. ஆர்வக்கோளாறில் யாரும் போனைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடாதீர்கள். முறை தெரியாமல் அரைகுறையாக எடுத்த வாக்குமூலம் பின்னால் வழக்கில் சாட்சிக்கே எதிராகத் திரும்பும்; ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஆபத்து. காலாப்பட்டிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. பயிற்சி எடுத்த ஒரு சின்னக் குழு, ஜனங்களின் சம்மதத்தோடு, விடுதலைப்புலிகள் செய்ததையும் மறைக்காமல் பதிவு செய்தால் போதும். அங்கே பாடம் எடுக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். டைப்பிங், ஸ்கேனிங் செலவு என்னுடையது.