அது டி அண்ட் டியே இல்லையாம்

நேற்று நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வரி: டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) என்பது ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் கேம், பதிப்புக்குப் பதிப்பு விதிகள் மாறும். ஆட வந்து மூன்றே வாரம் ஆன தம்பியிடம், "2024 விதிப்புத்தகத்தை வச்சுக்கிட்டு நீ ஆடுறது டி அண்ட் டியே இல்லை" என்று சிலர் எழுதினார்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எதுங்க டி அண்ட் டி? 1974-இல் வந்த முதல் பெட்டியில் தீஃப் (திருடன்) என்ற கிளாஸ், அதாவது பாத்திரத்தின் தொழில், கிடையாது, அடுத்த வருடம்தான் வந்தான். 1981-இல் வந்த பேசிக் பெட்டியில் எல்ஃப் என்ற இனமே ஒரு கிளாஸ். இரண்டாம் பதிப்பு வரைக்கும் ஆர்மர் கிளாஸ் (அடி விழாமல் காக்கும் எண்) குறையக் குறையத்தான் நல்லது. 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்து அதைத் தலைகீழாக்கியது. ஒவ்வொரு தடவையும் "இதோடு செத்தது" என்று புலம்பினார்கள். சாகவில்லையே!

மாறாமல் வந்தவை வேறு. ஸ்ட்ரெங்த்திலிருந்து கரிஸ்மா வரை பாத்திரத்தின் திறன்களைச் சொல்லும் அந்த ஆறு எண்கள், கிளாஸ், லெவல், உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹிட் பாயின்ட், அடி விழுமா விழாதா என்று சொல்ல உருட்டும் டி20 என்ற இருபது முகப் பகடை. எல்லாவற்றுக்கும் மேல், ஆட்டத்தை நடத்தும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) நம் முகத்தைப் பார்த்து "இப்ப என்ன பண்றீங்க?" என்று கேட்பது. புத்தகத்தில் இல்லாத பதிலையும் அங்கே சொல்லலாம். திரும்பவும் சொல்கிறேன், டி அண்ட் டி அங்கேதான் இருக்கிறது, அச்சிட்ட வருடத்தில் இல்லை.

"அப்படின்னா எல்லா ரோல்பிளேயிங் கேமும் டி அண்ட் டியா?" என்று கேட்பீர்கள். இல்லை. "இப்ப என்ன பண்றீங்க?" என்ற கேள்வி எல்லா ஆட்டத்திலும் வரும். அந்த ஆறு எண்கள், கிளாஸ், லெவல் என்ற எலும்புக்கூட்டோடு சேர்ந்து வந்தால்தான் டி அண்ட் டி.

"நாலாம் பதிப்பு?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். சண்டை போடும் ஃபைட்டருக்கும் மந்திரம் போடும் விசார்டுக்கும் ஒரே மாதிரி அட்-வில் (எப்போதும்), என்கவுன்டர் (சண்டைக்கு ஒரு தடவை), டெய்லி (நாளுக்கு ஒரு தடவை) என்று சக்திகளைப் பிரித்துக் கொடுத்தது எனக்கும் ஒட்டவில்லை. குறி தப்பவே தப்பாத மேஜிக் மிசைல் மந்திரத்துக்குப் பகடை உருட்டச் சொன்னபோது எனக்கும் வலித்தது. 2010-இல் அதையும் பழையபடி மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்தப் பதிப்பின் பேரைச் சொல்லி நாம் செய்ததை யார் மாற்றுவது?

2008-இல் எங்கள் குழுவில் ஒருவன் நாலாம் பதிப்பின் மூன்று புத்தகத்தையும் புதிதாக வாங்கிக்கொண்டு ஆசையாக வந்தான். நான்கு வாரம் ஆடினோம். ஐந்தாவது வாரம் எங்கள் டி.எம். எல்லார் முன்னாலும் சொன்னார், "இது டி அண்ட் டி இல்லப்பா, எடுத்து வை." நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் வரவே இல்லை. அவன் விட்டுப்போன ட்வார்ஃப் கிளெரிக் பாத்திரத்தின் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஹிட் பாயின்ட்டை எழுதி எழுதி அழித்து அந்த மூலை ஓட்டையாகிவிட்டது. அப்படி ஆடியவனைத்தான் ஆடவே இல்லை என்றோம்.

"இது வெறும் விளையாட்டு, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று யாரும் கேட்க வேண்டாம். வெறும் விளையாட்டு என்றால் அந்தத் தம்பியை விட்டிருக்கலாமே!

"அப்ப நான் இவ்வளவு நாளா என்ன ஆடிட்டு இருந்தேன்?" என்று நேற்று அந்தத் தம்பி கேட்டுவிட்டுப் போனான். ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. தம்பி, நீ ஆடியது டி அண்ட் டிதான். சனிக்கிழமை எங்களோடு வந்து உட்கார், அந்தப் புத்தகத்தையே எடுத்து வா.