நன்னாரி சர்பத் ஷார்ட்ரூஸ் ஆகாது
காக்டெய்லில் ஊற்றப் பச்சை ஷார்ட்ரூஸ் என்ற மூலிகை மதுபானம் கிடைக்காவிட்டால் அதே அளவு நன்னாரி சர்பத் ஊற்றினால் போதும் என்று இங்கே வந்த கட்டுரையில் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிரான்சில் கார்த்தூசியன் துறவிகளின் செய்முறைப்படி 130 மூலிகைகள் சேர்த்துத் தயாராகும் அதில் ஆல்கஹால் 55 சதவீதம். சர்பத்தில் துளியும் இல்லை, பெரும்பங்கு சர்க்கரைப் பாகுதான். ஜின், ஷார்ட்ரூஸ், மராஸ்கினோ என்ற செர்ரி மதுபானம், எலுமிச்சைச் சாறு நான்கும் சம அளவில் சேரும் 'லாஸ்ட் வேர்ட்' காக்டெய்லைக் கட்டுரை சொன்னபடியே பெரம்பூரில் என் வீட்டில் கலந்து பார்த்தேன். உதட்டில் பிசுபிசுவென்று ஒட்டியது, ஜின் இருந்த இடமே தெரியவில்லை. அப்புறம் மாடித் தொட்டியிலிருந்து கற்பூரவல்லி நாலு இலை, கொஞ்சம் துளசி, தங்கசாலைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய அதிமதுரம் ஒரு துண்டு, தட்டிய பெருஞ்சீரகம் எல்லாவற்றையும் 200 மில்லி ஜின்னில் ஊறப்போட்டேன். இலைகளை மட்டும் மறுநாளே எடுத்துவிட வேண்டும்; எனக்கு முதல் தடவை மூன்று நாள் கிடந்து, பச்சை நிறம் பழுப்பாகிக் கசப்பு ஏறிவிட்டது. வடிகட்டி, பாகு இரண்டு ஸ்பூன் சேர்த்தால் ஷார்ட்ரூஸ் இல்லைதான், ஆனால் அந்தக் காரமும் வாசனையும் கிட்டே வருகின்றன. மராஸ்கினோவுக்கு டின் செர்ரிப் பாகு போதுமா என்று மேலே பின்னூட்டத்தில் கேட்டவருக்கு: போதாது, அதில் முக்கியம் செர்ரிக் கொட்டையின் பாதாம் வாசனை.