அந்த மைக்கை ஏன் அணைத்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம் கலந்துரையாடலில் ஒரு பெண் சிங்கப்பூரின் கடனைப் பற்றிக் கேள்வி கேட்டதும் மைக்கை அணைத்தது எல்லாருக்கும் தெரியும். காணொளி எனக்கே ஐந்து வாட்சாப் குழுக்களில் வந்தது. அதில் இரண்டில் நான் இருப்பதே மறந்துபோயிருந்தது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லவில்லை. மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒருவர், "அந்தப் பெண்ணைத் தூண்டிவிட்டது யார் என்று விசாரிக்க வேண்டும்" என்று எழுத, நாற்பத்தேழு பேர் விருப்பம் போட்டிருக்கிறார்கள். என் சித்தப்பாவும் அதில் ஒருவர். சரி, எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கணக்குக் கேட்டாள். அவ்வளவுதான்.

அன்றைக்குத் தலைப்பு இலங்கை. ஒன்றரை மணி நேரம் கொழும்பின் காலிமுகத் திடலை நினைத்து உருகினோம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த அரசு கைவிரித்தது, மக்கள் திடலில் கூடாரம் போட்டது, ஜூலையில் அதிபர் கோத்தபாய ராஜபக்ச நம்ம சாங்கி விமான நிலையத்துக்கே வந்து இறங்கி இங்கிருந்தே பதவி விலகல் கடிதம் அனுப்பியது, அதே மாதம் ராணுவம் இருட்டில் புகுந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது, எல்லாம் பேசியாயிற்று. குடிமக்கள் சிலர் வழக்குப் போட்டு, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜபக்ச சகோதரர்கள் பொருளாதாரத்தைக் கெடுத்து மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்புச் சொன்னதைக் கேட்டபோது அறையே கைதட்டியது. நானும் தட்டினேன்.

அடுத்த நிமிடம் அவள் எழுந்து, "சிங்கப்பூரின் கடனும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஒன்றரை மடங்குக்கு மேல் என்கிறார்களே, அந்தப் பணம் எங்கே போகிறது, யார் சரிபார்க்கிறார்கள், நாம் எங்கே போய்க் கேட்பது?" என்றாள். மைக் அணைந்தது. "இது அதற்கான மேடை இல்லம்மா" என்றார்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பதில் இருக்கிறது! நிதியமைச்சின் இணையப்பக்கத்திலேயே இருக்கிறது. நம்ம ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிப் பணம் போகும் சிறப்பு அரசாங்கக் கடன்பத்திரங்களும் அந்தக் கடனில் அடக்கம். அப்படி வாங்கும் பணத்தைச் செலவழிக்க முடியாது, முதலீடுதான் செய்யலாம். கடனைவிடச் சொத்து அதிகம் என்கிறது அரசாங்கம். பெரிய உள்கட்டமைப்புக்காகக் கடன் வாங்க 2021இல் தனிச் சட்டம் வந்தது, 9,000 கோடி வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று உச்சவரம்போடு. தலைமைக் கணக்காய்வாளர் ஆண்டுதோறும் அறிக்கை போடுகிறார். மேடையில் இருந்த நால்வரில் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் மூன்று நிமிடத்தில் முடிந்திருக்கும். மொத்த இருப்பு எவ்வளவு என்று மட்டும் வெளியே சொல்வதில்லை. வெள்ளியின் மதிப்பைக் குறிவைத்துச் சூதாட வருகிறவர்களுக்கு நம் கையிருப்பு தெரியக்கூடாது என்பது அரசாங்கம் தரும் காரணம். எனக்கு அது பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. அந்த மீதிப் பாதியைப் பேசத்தானே கேள்வி நேரம் வைத்தோம்?

"சிங்கப்பூரும் இலங்கையும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். ஒன்று என்று யார் சொன்னது? 2024 அக்டோபரில் முன்னாள் அமைச்சர் ஈஸ்வரனுக்கு 12 மாதச் சிறை கொடுத்த ஊர் இது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இதே ஊரின் கெப்பல் நிறுவனத்தின் துணை நிறுவனம் பிரேசிலில் லஞ்சம் கொடுத்ததற்காக 2017இல் 42 கோடி அமெரிக்க வெள்ளிக்கு மேல் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஆறு முன்னாள் மேலதிகாரிகளுக்கு 2023 ஜனவரியில் இங்கே கிடைத்தது கடும் எச்சரிக்கை. ஏன் வழக்கு இல்லை என்று நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். ஆதாரம் போதவில்லை என்று பதில் வந்தது. கேட்டதால் வந்தது.

என் அம்மா சீட்டுப் பிடித்தவர். எண்பதுகளில், அங் மோ கியோ அடுக்குமாடி வீட்டில். மாதம் ஐம்பது வெள்ளி, பதினாறு பேர், கணக்கெல்லாம் 555 நோட்டுப் புத்தகத்தில். மேல்மாடி ஆன்ட்டி ஒருநாள் படியிறங்கி வந்து (அப்போது லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது), "அக்கா, நோட்டை ஒரு தடவை பார்க்கலாமா?" என்று கேட்டார். "என்னத் திருடின்னு சொல்ல வந்தியா?" என்று அம்மா போட்ட சத்தத்தில் வரிசை வீடு முழுக்கக் கதவு திறந்தது. ராத்திரி சமையலறை மேசையில் அம்மா விரலால் வரிவரியாகத் தொட்டுக் கூட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வெள்ளி இடித்தது. ஒரு பெயர் இரண்டு முறை விழுந்திருந்தது. திருடவில்லை, தப்பாக எழுதிவிட்டார். மறுநாள் பாயசத்தோடு படியேறிப் போனார். அடுத்த மாதத்திலிருந்து நோட்டை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துவிட்டுத்தான் சீட்டுக் குலுக்குவார். ஆனால் அந்த ஆன்ட்டி அடுத்த சீட்டில் சேரவில்லை. மற்ற பதினான்கு பேரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதுதான் காரணம். கணக்கைத் திருத்தியவருக்கு எங்கள் புளோக்கில் கிடைத்த மரியாதை அது.

"சட்டம் இருக்கிறது தம்பி" என்று ஒரு பெரியவர் உள்பெட்டியில் பாடம் எடுக்கிறார். தெரியும் ஐயா. ஒற்றை ஆள் அட்டை பிடித்து நின்றாலும் இங்கே அது சட்டப்படி பொதுக்கூட்டம்தான். அதற்கென்று 2000இலிருந்து ஹொங் லிம் பார்க்கில் பேச்சாளர் முனை இருக்கிறது, அங்கும் பேசக்கூடாத விஷயங்கள் உண்டு. நான் யாரையும் ரோட்டுக்கு வரச் சொல்லவில்லை. இது குளிர்சாதன அறை, அறுபது நாற்காலி, "கேள்வி பதில்: 5.30" என்று அழைப்பிதழில் நீங்களே போட்டது. எந்த அமைச்சும் போன் பண்ணி மைக்கை அணை என்று சொல்லவில்லை. எந்த அதிகாரியும் அந்த அறையில் இல்லை. நாமே அணைத்தோம். யாரும் கேட்காமலே, முன்கூட்டியே, நல்ல பிள்ளையாக. இதற்கு ஹொக்கியன் சீனத்தில் கியாசி, அதாவது சாகப் பயம், என்று அழகான சொல் இருக்கிறது.

அடுத்த தடவை மண்டபம் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்ற ஏற்பாட்டாளரின் பயம் எனக்குப் புரிகிறது. உண்மையாகவே புரிகிறது. அலைந்து திரிந்து மண்டபம் பிடிப்பது யாருக்கும் லேசில்லை. ஆனால் மண்டபத்தைக் காப்பாற்றி அதில் என்ன பேசப் போகிறோம்? மறுபடியும் அடுத்த நாட்டுக்காரன் கணக்கையா? கொழும்புக்காரன் கேட்டால் வீரம், நம்ம புக்கிட் பாத்தோக் பிள்ளை கேட்டால் தூண்டுதலா?

"நாம் சிறுபான்மை, அடக்கமாக இருக்க வேண்டும்" என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. இரண்டு ஆண்டு தேசிய சேவை செய்தபோது என்னை யாரும் அரை ஆளாகக் கணக்கில் எடுக்கவில்லை.

அவளை நன்றிகெட்டவள் என்கிறீர்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. நிகழ்ச்சிக்கு நாற்காலி போட்டதே அவளும் அவள் தோழிகளும்தான். நேற்றிரவு அவள் இதைப் பற்றித் தான் போட்டிருந்த பதிவை நீக்கிவிட்டாள். நாற்பத்தேழு பேருக்கும் இப்போது நிம்மதியா? சித்தப்பா, உங்களுக்கு?

நான் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இதில் எழுதியிருக்கும் எதையும் அங்கே சொல்லவில்லை. மைக் அணைந்ததும் குனிந்து, கையில் இருந்த கறிபாப்பைப் பார்த்தேன். எல்லாரும் கிளம்பிய பிறகு அவள் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலியை மடித்தாள். அவள் தட்டே எடுக்கவில்லை, நான் பார்த்தேன்.